ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

ஜூன் 3, 2024, திங்கள்

வாரபெல் பெலிக்கன்ஸ் கூடைப்பந்து கிளப்புக்கு வரும் ஆகஸ்டில் நாற்பது வயது. அதன் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். இன்று காலை கிளப்பின் தலைவி ஷெரில் டன்ஸ்டன் வாசலில் வந்து நின்றாள்.

"உங்களை மாதிரி எழுத இந்த ஊர்ல யார் இருக்கா, டேனி? தண்ணீர் வாரியத்தைத் திட்டி நீங்க பேப்பருக்கு எழுதற கடிதம் அத்தனையும் வெட்டி வச்சிருக்கேன்."

என் பெயர் டேனி அல்ல, தணிகைவேல். வடக்கு விக்டோரியாவின் இந்த ஆற்றங்கரை ஊரில் இருபத்தாறு வருடமாக இருக்கிறேன். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவனை, தண்ணீர் வாரியத்தின் ஆய்வகத்தில் உப்பு அளக்க வைத்து, சென்ற வருடம் ஐம்பத்து நான்கு வயதில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. 2023 நாட்குறிப்பு முழுக்க அதுதான்.

நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி கோமதி சமையலறையிலிருந்து சம்மதம் சொல்லிவிட்டாள். ஷெரில் போன பிறகு கேட்டேன், என்னைக் கேட்காமல் எப்படிச் சொல்லலாம் என்று.

"ஜன்னல்ல நின்னு பக்கத்து வீட்டுக்காரன் குப்பைத்தொட்டிய எந்தக் கிழமை வைக்கிறான்னு கணக்கு எடுக்கிறதுக்கு, இதைச் செய்ங்க."

நான் மறுக்காததற்குக் காரணம் வேறு. அந்த வரலாற்றில் 2004ஆம் ஆண்டு இறுதி ஆட்டம் வரும். அதைப் பற்றி அச்சில் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு.

ஜூன் 5, புதன்

ஆறு பெட்டிகள் வந்தன. எலிப் புழுக்கை, பழைய பந்தின் ரப்பர் வாடை.

1984இல் பேரிக்காய் டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை தன் கிடங்கு ஒன்றைக் காலி செய்தது. ஊர்க்காரர்கள் அதில் பலகை பதித்து ஆடுகளம் ஆக்கினார்கள். கூரை ஒழுகியதால், மழை நாட்களில் ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஒரு வாளி வைத்தபடியே ஆடினார்கள். வெளியூர் அணிகள் வாளியில் தடுக்கி விழுந்தன. எங்கள் ஆட்களுக்கு வாளி இருக்கும் இடம் தெரியும். முதல் சட்டையில் பெலிக்கன் பறவையை வரைந்தவர் ஊர்ப் பள்ளி ஆசிரியர். அது வாத்து மாதிரி இருந்தது. வெளியூர் அரங்குகளில் கூட்டம் முழுக்க வாத்துபோலக் கத்துமாம்.

பெலிக்கன்ஸ் மாதிரிப் பாதித் தொழில்முறை அணி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: வருடத்துக்கு இரண்டு அமெரிக்கர்களைச் சம்பளத்துக்கு வரவழைத்து கேரவன் பார்க்கில் தங்க வைப்பார்கள். மற்றவர்கள் கசாப்புக்கடைக்காரர், கணக்கு வாத்தியார், தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். சனிக்கிழமை ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய் ஆடிவிட்டு, திங்கள் காலை வேலைக்கு நிற்பார்கள்.

எழுத நன்றாகத்தான் இருக்கிறது. ஒப்புக்கொள்ள மனமில்லை.

ஜூன் 8, சனி

சுவரில் உள்ள படங்களைக் குறித்துக்கொள்ள அரங்கத்துக்குப் போனேன். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு. சிவநேசன் தரை துடைத்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் வந்த காலத்தில் இந்த ஊரில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் இரண்டு. ஒன்று நாங்கள், பெரியகுளம் பக்கம். இன்னொன்று சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரன், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அவனோடு நான் பேசி இருபது வருடம் ஆகிறது. ஒரே பேரங்காடியில் அரிசி வாங்குகிறோம். அவன் இருக்கும் வரிசையில் நான் நுழைவதில்லை.

அகலமான துடைப்பானைத் தள்ளிக்கொண்டு அந்தக் கோட்டிலிருந்து இந்தக் கோட்டுக்கு வந்தான். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தான், திரும்பினான், மறுபடி தள்ளிக்கொண்டு போனான்.

எக்ஸ்ரே எடுக்கிறவன் ஏன் இருபது வருடமாகத் தரை துடைக்கிறான் என்று நான் யாரையும் கேட்டதில்லை.

ஜூன் 12, புதன்

மேசையைப் பற்றி எழுதினேன். புத்தகத்துக்கு இவ்வளவு விவரம் தேவையில்லை, இங்கே இருக்கட்டும்.

ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு மேசை. அதில் ஒருவர் ஸ்கோர் ஷீட் எழுதுவார், அவர் தாளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் ஆட்டத்தையும் நடுவரையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்கிறவர் சொல்ல, எழுதுகிறவர் திருப்பிச் சொல்லி, பிறகு எழுத வேண்டும். 1999 முதல் பெலிக்கன்ஸ் மேசையில் எழுதியவன் நான். கல்லூரி அணியில் ஆடியவன், விதிப்புத்தகம் மனப்பாடம். சொன்னவன் சிவநேசன். அவனை மேசைக்குக் கூட்டி வந்தவனும் நான்தான்.

அணியின் நிறம், சட்டை எண், எடுத்த புள்ளி என்று நாங்கள் தமிழில் சொல்லிக்கொள்வோம். "நீலம் ஒன்பது, ரெண்டு." "ஒன்பது, ரெண்டு." வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவர், மேசையில் இருவர் மந்திரம் ஓதுகிறார்கள் என்று எழுத்தில் புகார் கொடுத்தார். அந்தப் புகாரும் மூன்றாம் பெட்டியில் இருக்கிறது.

எங்களுக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. நான் எழுதியது தவறு என்று அவனுக்குப் பட்டால் வாதாடுவதில்லை, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். பென்சிலால் அந்தக் கட்டத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பான். இடைவேளையில் இருவரும் பேசித் தீர்ப்போம். தீர்ந்ததும் புள்ளிக்கு அருகில் இருவரும் சுருக்கொப்பம் போடுவோம். ஐந்து வருடத்தில் ஒரு புள்ளியையும் நாங்கள் தீர்க்காமல் விட்டதில்லை.

ஜூன் 15, சனி

2004 ஆகஸ்ட் 21. இறுதி ஆட்டம், சொந்த அரங்கம், ஆயிரத்து இருநூறு பேர். கிளப் அதுவரை ஒரு தடவையும் கோப்பை வாங்கியதில்லை. அதன் பிறகும் இல்லை.

ஏழாம் எண் ராஸ் கினலி. உள்ளூர்ப் பிள்ளை, அணியின் உயிர். ஒருவர் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே போக வேண்டும். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில், நாலு புள்ளி முன்னிலையில், கினலிக்கு ஐந்தாவது ஃபவுல். நான் ஐந்து என்ற அட்டையைத் தூக்கினேன். எனக்கு நாலுதான் என்று கினலி கத்தினான். தாளில் ஐந்து இருந்தது. அவன் வெளியே போனான். ஒரு புள்ளியில் தோற்றோம்.

மூன்றாம் குவார்ட்டரில் கினலி பெயரில் நான் எழுதிய ஃபவுல் பன்னிரண்டாம் எண்ணுக்கு உரியது என்று பிறகு பேச்சு. நடுவர் காட்டிய எண்ணை என் கண்ணால் பார்த்து எழுதினேன்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. என்னைக் கூப்பிடவில்லை, சிவநேசனைக் கூப்பிட்டார்கள். அவன் போனான். நாற்பது நிமிடம் உள்ளே இருந்தானாம். என்ன சொல்லியிருப்பான் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று மாலையே ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அதில் ஒரு வரிக்காகவும் நான் வருந்தியதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

புத்தகத்தில் இருக்க வேண்டியவை என்று ஷெரில் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். பதினான்காவது: "2004 இறுதி ஆட்டம். மேசையில் ஷிவா செய்த குளறுபடி. இப்போது நினைத்தால் சிரிப்பு. ஜூலைக் கடைசியில் அவர் அடிலெய்டுக்கு மகனிடம் போகிறார், வழியனுப்பும் விதமாகச் சேர்க்கலாம்."

ஷிவா செய்த குளறுபடி. நான் அல்ல, ஷிவா.

இரண்டு தடவை படித்தேன். ஊர் எப்படியோ பிழையை அவன் தலையில் வைத்திருக்கிறது. என்னைக் காட்டிக் கொடுக்கப் போனவன் கடைசியில் தானே மாட்டிக்கொண்டான் போலிருக்கிறது. அச்சில் அவன் பெயரோடு வரட்டும். அடிலெய்டில் வைத்துப் படிக்கட்டும்.

பிற்பகல் கூரைத் தகரக் கால்வாயில் இலை அள்ளினேன். இரண்டு வாளி.

ஜூன் 22, சனி

ராஸ் கினலியைப் பார்க்க அவனுடைய பாசனக் குழாய்க் கடைக்குப் போனேன். தொப்பை வைத்துவிட்டது. என்னைக் கண்டதும் ஐந்து விரலையும் விரித்துக் காட்டிச் சிரித்தான்.

"டேனி! இன்னைக்கு எத்தனை ஃபவுல் எனக்கு?"

நான் சிரிக்கவில்லை. 2004 பற்றிக் கேட்டேன்.

"விடுங்க. நாலோட இருந்திருந்தா மட்டும்? அடுத்த முப்பது செகண்டுல அஞ்சாவது செஞ்சிருப்பேன். என் ஆட்டம் உங்களுக்குத் தெரியாததா? எங்கம்மாவே என்கிட்ட கண்ணாடி டம்ளர் குடுக்க மாட்டா."

"கோபமே இல்லையா?"

"ஒரு வாரம் இருந்துச்சு. அப்புறம் ஷிவா வீட்டுக்கு வந்துட்டார், பொண்டாட்டி செஞ்ச கட்லட்டோட. 'நான்தான் எண்ணைத் தப்பாச் சொன்னேன், மன்னிச்சுக்கோ'ன்னார். பதினோரு கட்லட் தின்னேன். தின்ன பிறகு எப்படிக் கோபப்படறது?"

"தப்பாச் சொன்னேன்னு அவரே சொன்னாரா?"

"வேற யாரு சொல்வா?" என்றான். ஒரு வாடிக்கையாளர் அரை அங்குல வால்வு கேட்டார். கினலி எழுந்து போய்விட்டான்.

சிவநேசன் தவறாகச் சொல்லவில்லை. அவன் தவறாகச் சொன்னான் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு எதற்கு மன்னிப்பு?

ஜூன் 24, திங்கள்

முதல் மூன்று பெட்டியும் முடிந்தன. நாலாவது பெட்டி 2001 முதல் 2006 வரை. அதை விட்டுவிட்டு ஐந்தாவதைத் திறந்தேன்.

ஜூன் 27, வியாழன்

2008இல் கூரை மாற்றினார்கள். வாளியை ஏலம் விட்டார்கள். கசாப்புக்கடைக்காரர் எடுத்தார்.

ஜூலை 1, திங்கள்

ஐந்தாம் பெட்டியில் 2011ஆம் ஆண்டுப் படம் ஒன்று. வீரர்கள் கையில் கறுப்புப் பட்டி. பின்னால் எழுதியிருந்தது: தவமலர் சிவநேசன் நினைவாக.

தவமலர் அவன் மனைவி. சனிக்கிழமைகளில் நாங்கள் மேசையில் இருக்கும்போது அவளும் கோமதியும் மேல்படியில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பார்கள். புற்றுநோய், மூன்றே மாதம். கோமதி தினமும் போய் வந்தாள். நான் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. அன்று ஆய்வகத்தில் அவசர வேலை.

ஜூலை 4, வியாழன்

நாலாம் பெட்டியைத் திறந்தேன்.

கமிட்டிக் கூட்டக் குறிப்பு, 2004 ஆகஸ்ட் 26. பன்னிரண்டாம் எண் வீரர் அந்த ஃபவுல் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். ஆகவே மேசையில் பிழை நடந்தது உறுதி. திரு. சிவநேசன் விசாரிக்கப்பட்டார். அவர் கூறியது: "எண்ணைச் சொல்வது என் வேலை. நடுவரின் கையை நான் தவறாகப் பார்த்து ஏழு என்று சொன்னேன். எழுதியவர் நான் சொன்னதை எழுதினார். அவர் மேல் பிழை இல்லை." முடிவு: திரு. சிவநேசன் மேசையிலிருந்து நீக்கப்படுகிறார். எழுதுபவர் தொடர்ந்து இருக்க வேண்டும் என்று கமிட்டி விரும்புகிறது.

அதற்கு அடியில் என் ராஜினாமாக் கடிதம். மூன்று பக்கம். "முதுகில் குத்தும் கூட்டத்தோடு" என்ற இடம் வரை படித்தேன்.

அதற்கும் அடியில் ஓர் உறை. கிளப் முத்திரை, என் விலாசம். குறுக்கே சிவப்பு மையில், என் கையெழுத்தில், "அனுப்பியவருக்கே திருப்புக". இருபது வருடமாகப் பிரிக்கப்படாமலே இருந்திருக்கிறது. பிரித்தேன். நடந்ததற்கு நீங்கள் பொறுப்பல்ல என்று தெரியவந்துள்ளது, அடுத்த பருவத்துக்கு மேசைக்குத் திரும்பி வாருங்கள், அன்புடன்.

ஜூலை 5, வெள்ளி

வேலை ஓடவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

ஸ்கோர் ஷீட்டும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது, மூலப் பிரதி. ஏழாம் எண்ணின் வரிசையில் மூன்றாவது ஃபவுல் கட்டம். பக்கத்தில் பென்சில் புள்ளி. அருகில் ஒப்பம் எதுவும் இல்லை.

ஜூன் 15 அன்று இங்கே எழுதியது முழுதும் சரியல்ல. இப்போது சரியாக எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் சட்டை எண்கள் நாலிலிருந்து பதினைந்து வரைதான். நடுவர் வலது உள்ளங்கையை விரித்தால் ஐந்து. அதோடு இடது கையில் இரண்டு விரல் என்றால் ஏழு. வலது கையை மடக்கி முஷ்டி ஆக்கினால் பத்து. அதோடு இரண்டு விரல், பன்னிரண்டு. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் வலது கை மட்டுமே வித்தியாசம்.

விசில் கேட்டதும் நான் தாளை விட்டுத் தலையைத் தூக்கினேன். தூக்கியிருக்கக் கூடாது, பார்ப்பது அவன் வேலை. இரண்டு விரல் தெரிந்தது. நடுவரின் வலது கையை ஒரு வீரரின் தோள் மறைத்திருந்தது. முட்டி மோதுகிறவன் எப்போதும் கினலிதான், ஆகவே ஏழு என்று எழுதிவிட்டேன். சிவநேசன் "பன்னிரண்டு" என்றான். "ஏழு. நான் பாத்தேன்," என்றேன். "அண்ணை, முஷ்டி மடக்கினவர்," என்றான். "எனக்கு விதி சொல்லித் தராதீங்க," என்றேன். அவன் புள்ளி வைத்தான்.

குவார்ட்டர் முடிந்ததும் புள்ளியின் மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தான். ஆட்டம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். ஐந்து அட்டையைத் தூக்கும்போது அவன் என் முழங்கையைத் தொட்டான். நான் உதறினேன்.

அவன் கமிட்டியில் உண்மையைச் சொல்லியிருப்பான் என்று நினைத்துத்தான் அவனோடு பேச்சை விட்டேன். உண்மையைச் சொன்னான் என்பதற்காக.

ஜூலை 14, ஞாயிறு

கோமதியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்போதிலிருந்து?"

"அந்த வாரமே. தவமலர் சொன்னா. உங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு அவர் சொல்லியிருந்தாராம்."

"இருபது வருஷம் ஒரே வீட்ல இருந்துகிட்டு…"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? அவர் பெரிய மனுஷன் ஆகப் பாக்கிறார்னு அதுக்கும் ஒரு கோபம் வச்சிருப்பீங்க. உங்ககிட்ட ஒரு நல்லதைச் சொன்னாலும் அதுல குத்தம் எங்கன்னுதானே தேடுவீங்க?" ஒரு தலையணை உறையை உதறினாள். "தவமலர் போன அன்னைக்குச் சொல்லணும்னு இருந்தேன். நீங்க இருந்த நிலைமையைப் பாத்துட்டு விட்டுட்டேன்."

அன்று நான் எந்த நிலைமையில் இருந்தேன் என்று கேட்கவில்லை.

ஜூலை 20, சனி

சிவநேசன் வீட்டுக்குப் போனேன். பாதி வீடு பெட்டிகளில் இருந்தது. கதவைத் திறந்தவன் கொஞ்ச நேரம் கைப்பிடியை விடாமல் நின்றான்.

"வாங்கோ, தணிகைவேல்," என்றான். முன்பெல்லாம் அண்ணை என்பான். "கதிரை இந்த ரெண்டும்தான் மிச்சம். இருங்கோ. தேத்தண்ணி போடட்டோ?"

"வேண்டாம்."

"குடியுங்கோ. கேத்திலைக் கடைசியாத்தான் கட்டுவன்."

கமிட்டிக் குறிப்பையும் ஸ்கோர் ஷீட்டையும் மேசையில் வைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். புள்ளியைக் கண்டதும் லேசாகச் சிரித்தான்.

"இது இன்னும் கிடக்கோ?"

"ஏன் அப்படிச் சொன்னீங்க? உங்க மேல எந்தத் தப்பும் இல்லையே."

"வேற என்னத்தைச் சொல்றது? ஒரு மேசையில ரெண்டு பேர் ரெண்டு கதை சொன்னா, பிறகு அந்த மேசையை ஆர் நம்புவினம்? ஏற்கெனவே நாங்கள் மந்திரம் ஓதுறம் எண்டு முறைப்பாடு வேற. ரெண்டு பேரையும் சேர்த்துக் கலைச்சிருப்பினம். ஒரு ஆளாவது இருக்கட்டும் எண்டு நினைச்சன். உங்களுக்குத்தானே அந்த மேசை எண்டா உயிர்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"ரெண்டு தரம் வந்தனான். கார் நிண்டது. கதவு திறக்கேல்லை."

உண்மைதான். இரண்டு தடவையும் நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

தேத்தண்ணீர் கொண்டு வந்தான். சீனி இரண்டு கரண்டி. கேட்காமலே போட்டிருந்தான்.

"புத்தகத்துல உண்மையை எழுதப் போறேன், பிழை என்னோடதுன்னு."

"எழுதுங்கோ. ஆனா எனக்காக எண்டு எழுதாதேங்கோ. இஞ்ச ஒருத்தருக்கும் அது ஞாபகமில்லை. என்னைக் கண்டா 'ஷிவா, அந்த மூலையில ஈரம்' எண்டு மட்டும்தான் சொல்லுவினம். எனக்கு அது போதும். மேசையால எழுப்பிவிட்டாலும் சனிக்கிழமை எங்க போறது? அதுதான் தரை துடைக்கிற மொப்பை எடுத்தனான்."

வெளியே யாரோ புல் வெட்டும் சத்தம். அவன் தன் கோப்பையைப் பார்த்தபடி சொன்னான்.

"தவமலற்ர செத்தவீட்டுக்கு நீங்கள் வரேல்லை."

"அன்னைக்கு லேப்ல அவசரமா ஒரு…"

"சனிக்கிழமை."

சனிக்கிழமைகளில் ஆய்வகம் பூட்டியிருக்கும்.

"பெட்டி தூக்க ஆறு பேர் வேணும். மகன் ஒருத்தன். மெல்பேர்னில இருந்து வந்த அவவின்ர தம்பிமார் ரெண்டு பேர். மிச்சம் மூண்டு பேருக்கு நான் எங்க போக? பெலிக்கன்ஸ் பெடியள் மூண்டு பேர் வந்து தூக்கினவங்கள். முன்னுக்கு கினலி. நாங்கள் வெளியில அனுப்பின அதே கினலி." கோப்பையைக் கீழே வைத்தான். "வாசல் பக்கம் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். கோமதி அக்கா தனிய வந்தா. பின்னுக்கு நீங்கள் காரை நிப்பாட்டிப்போட்டு வாறியளாக்கும் எண்டு நினைச்சன். பெட்டியை ஏத்துமட்டும் நினைச்சன்."

"சிவநேசன்…"

"அந்த ஃபவுல் ஒண்டுமில்லை. அது ஒரு விளையாட்டு." எழுந்து என் கோப்பையை எடுத்தான், பாதி இருந்தது. "ஆறிப்போச்சு. ஊத்தட்டோ?"

சரி என்றேன். கழுவுதொட்டியில் ஊற்றிக் கழுவி, துடைத்து, பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான். நான் போவதற்குக் காத்திருந்தான்.

ஜூலை 27, சனி

இன்று அவன் கடைசியாகத் தரை துடைத்திருப்பான். போகவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

சிவநேசனின் தெரு வழியாகக் காரை ஓட்டினேன். வீட்டின் முன்னால் வாடகைக்கு என்ற பலகை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஷெரில் அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்தாள்.

"இதென்ன டேனி, 2004ல 'பிழை எழுதியவருடையது, சொன்னவர் சரியாகச் சொன்னார், எழுதியவர் தணிகைவேல்'னு போட்டிருக்கீங்க? ஷிவா கதைதானே எல்லாருக்கும் தெரியும்? அதுல ஒரு சிரிப்பு இருக்கு. இது கோர்ட்டு பேப்பர் மாதிரி இருக்கு."

"அப்படியே இருக்கட்டும்."

"உங்களுக்கே சங்கடமா இருக்காதா?"

"இருக்கும்."

தோளைக் குலுக்கினாள். "எழுதறவர் நீங்க." போகும்போது வாசலில் திரும்பி நின்று, "உங்க பேரை எப்படி உச்சரிக்கணும்? அச்சுல முழுசா வருதே, விழாவில நான் வாசிக்கணும்," என்றாள். நாலு தடவை சொல்லிக் கொடுத்தேன். நாலாவது தடவை ஏறக்குறைய சரியாக வந்தது. இருபத்தாறு வருடத்தில் இதை நான் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. 'டேனி' என்று கூப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டதோடு சரி.

ஆகஸ்ட் 24, சனி

நாற்பதாம் ஆண்டு விழா. கேக்கில் இருந்த பெலிக்கன் மறுபடியும் வாத்து மாதிரிதான் இருந்தது. கூட்டம் வாத்துபோலக் கத்தியது, இந்தத் தடவை அன்போடு. கசாப்புக்கடைக்காரரின் மகன் அந்த வாளியைக் கொண்டு வந்தான், அதில் ஐஸ் போட்டு பியர் வைத்தார்கள்.

ஷெரில் 2004 பகுதியை வாசித்தாள். என் பெயர் வந்தபோது ஓரிருவர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ராஃபிள் குலுக்கல் தொடங்கியது.

கினலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அப்ப அந்தக் கட்லட் எல்லாம் நீங்க கொண்டு வந்திருக்கணும்," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"தவமலர் பெட்டியைத் தூக்கினீங்களாமே," என்றேன்.

சிரிப்பு நின்றது. "கனமே இல்லை," என்றான். "பாவம், ஒண்ணுமே கனமில்லை." எழுந்து போய்விட்டான்.

ஆகஸ்ட் 26, திங்கள்

மூல ஸ்கோர் ஷீட்டை ஷெரிலிடம் கேட்டு வாங்கினேன். புள்ளிக்குப் பக்கத்தில் என் சுருக்கொப்பம் போட்டேன். புத்தகத்தின் ஒரு பிரதியோடு அடிலெய்டுக்கு, ஷெரில் தந்த அவன் மகனின் விலாசத்துக்கு அனுப்பினேன். கூட ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. கிழித்தேன். மறுபடி எழுதினேன், ஒரு பக்கம். அதையும் கிழித்துவிட்டு, தாளையும் புத்தகத்தையும் மட்டும் வைத்து ஒட்டினேன்.

செப்டம்பர் 4, புதன்

தபால் இல்லை.

செப்டம்பர் 11, புதன்

தபால் வந்தது. தண்ணீர் வாரியத்தின் ஓய்வூதியச் சுற்றறிக்கை. அதில் இரண்டு பிழை. யாருக்கும் எழுதவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

உறை வந்தது. உள்ளே ஸ்கோர் ஷீட் மட்டும், மடிப்புக் கலையாமல். ஏழாம் எண்ணின் மூன்றாவது கட்டத்தில் ஒரு நேர்க்கோடு இழுத்து அடித்திருந்தது. பன்னிரண்டாம் எண்ணின் வரிசையில் அந்த ஃபவுல் சேர்க்கப்பட்டிருந்தது. புள்ளிக்குப் பக்கத்தில் என் ஒப்பம், அதற்குப் பக்கத்தில் அவனுடையது: சி.நே. பழைய கையெழுத்துதான்.

கோமதி உறையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள்.

"வேற ஒண்ணும் எழுதலையா?"

"இல்லை."

"அனுப்பினவர் விலாசமாவது?"

"அதுவும் இல்லை."

அவள் தாளை ஜன்னலோரம் வைத்து, காற்றில் பறக்காமல் மேலே உப்பு டப்பாவை வைத்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அலமாரியில் வரிசையாக இருக்கும் நாட்குறிப்புகளில் 2011ஐத் தேடி எடுத்தேன். மே 14, சனி. தவமலரை எடுத்த நாள். ஒரே வரி இருந்தது.

"நல்ல வெயில். புல் வெட்டினேன்."

பென்சிலை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.